பக்கத்துக் கட்டில்

அவசரப் பிரிவில் அந்த டாக்டரம்மாவுக்கு ‘வெடி’ என்று பட்டப்பெயர். நெஞ்சுவலி என்று வந்தவர்கூட அவர் போடுகிற சத்தத்தில் வலியை மறந்துவிடுவார். பெருந்தொற்று வந்து, முகத்தை மூடிக்கொண்டு நாள் முழுக்கக் கத்தியதில், பாவம், அந்தத் தொண்டையும் கட்டிப்போயிற்று. வீட்டில் மாடி அறையில் தனி வாசம். கணவர் தட்டை வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு ஒரே ஓட்டமாக இறங்கிவிடுவார். “ஏங்க, நான் என்ன புலியா?” என்று உள்ளேயிருந்து திட்டு விழும். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அன்று காலை இரவு டியூட்டி முடிந்து, அடுத்த டாக்டரிடம் பொறுப்பையும் ஒப்படைத்தாயிற்று. வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் ஜன்னலோரம் படுத்திருந்த பஸ் டிரைவரை அப்படியே விட்டுப்போக மனசு வரவில்லை. முகமூடி போட்டும் அவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எண்பத்தைந்தைத் தாண்டவில்லை. கவிழ்ந்து படுத்தால் நுரையீரல் கொஞ்சம் விரியும், பிழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மதியத்துக்குள் தொண்டையில் குழாய் இறக்க வேண்டும். குழாய் இறக்கியவர்களில் எழுந்து நடந்தவர்கள் ரொம்பக் குறைவு.

மனுஷனோ பிடித்த பிடியில் நின்றார். நர்ஸ் கெஞ்சிப் பார்த்தாள். டாக்டரம்மா, இருந்த குரலில் மிரட்டிப் பார்த்தார். ஊஹூம்.

“அண்ணே, சின்னப் புள்ளையா நீங்க? கவுந்து படுக்கறதுக்கு இவ்வளவு அடமா?”

டிரைவர் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். “பக்கத்துல இருந்தாரே... அவரையும் இப்படித்தான் கவுந்து படுக்கச் சொன்னீங்க. அப்புறம்... அவர் எந்திரிக்கவே இல்லயே டாக்டர்.”

உண்மைதான். பக்கத்துக் கட்டில்காரர் முந்தின நாள்தான் போனார். கட்டிலைத் துடைத்து, புது விரிப்புப் போட்டு, அடுத்த ஆளுக்காக வைத்திருந்தார்கள். ‘எல்லாருக்கும் அப்படி ஆகாது’ என்று சொல்லலாம். சொன்னால் அவர் நம்ப வேண்டுமே! டாக்டரம்மாவுக்கு அழுகையாக வந்தது. அழுதால் கவசக் கண்ணாடி மங்கிவிடும் என்று அடக்கிக்கொண்டார்.

பிறகு என்ன நினைத்தாரோ, கவச உடையோடு அந்தக் காலிக் கட்டிலில் ஏறிக் கவிழ்ந்து படுத்துவிட்டார்.

“ஐயோ மேடம்!” என்றாள் நர்ஸ்.

“நீ சும்மா இரு. அண்ணே, இங்க பாருங்க. எனக்கு ஒண்ணும் ஆகலல்ல? நான் எந்திரிக்கற வரைக்கும் நீங்களும் இப்படியே படுங்க. அவ்வளவுதான் பேச்சு.”

டிரைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பயம் போகவில்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மெல்லப் புரண்டார். நர்ஸ் நெஞ்சுக்கடியில் தலையணை கொடுத்தாள். இருவரும் முகத்தை ஒருக்களித்து எதிரெதிரே பார்த்தபடி கிடந்தார்கள். எந்த ரூட்டில் வண்டி ஓட்டுகிறீர்கள் என்று கேட்கத்தான் டாக்டரம்மா வாயெடுத்தார்.

கண் விழித்தபோது ஜன்னல் வெயில் தரைக்கு இறங்கியிருந்தது. தூக்கிவாரிப் போட்டது. அடக் கடவுளே, தூங்கித் தொலைத்துவிட்டோமே! பதறி எழுந்து டிரைவரின் மானிட்டர் திரையைப் பார்த்தார். தொண்ணூற்று மூன்று. டிரைவர் அதே கவிழ்ந்த நிலையில், கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தார்.

“ஏம்மா, என்னை எழுப்பியிருக்கக் கூடாதா?” என்று நர்ஸிடம் பாய்ந்தார்.

“இவரு எங்க விட்டாரு மேடம்? கிட்ட வந்தாலே ‘உஷ்’ங்கறாரு. திரும்பினா கட்டில் கிரீச்சுன்னு சத்தம் போடுதுன்னு அசையக்கூட இல்ல.”

டாக்டரம்மா அவர் தலைமாட்டில் போய்க் குனிந்தார். “கழுத்து வலிக்கலையாண்ணே?”

“உயிர் போகுது டாக்டர்” என்றார் டிரைவர். பேச்சில் மூச்சிரைப்புக் குறைந்திருந்தது. “ஆனா ஆளுங்க தூங்கறப்ப பிரேக் அடிச்சுப் பழக்கமில்ல.”

இந்த முறை டாக்டரம்மாவின் கண்ணாடி மங்கிவிட்டது. அதோடேயே டிரைவரின் கழுத்தைப் பிடித்து, தலையை மெதுவாக மறுபக்கம் திருப்பி வைத்தார்.