பூங்காவனத்தின் கையெழுத்து

ஒரு பெண்ணுக்கு அவள் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொடுத்து, மற்றதில் அவளை ஏமாற்றினேன். எனக்கு அப்போது பத்து வயது. வயதைச் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. நன்றாகப் படிக்கத் தெரிந்த பையன்தான் நான்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் பூங்காவனம். குடிசை அடையாற்றங்கரையில். அப்பா அரசாங்க இன்ஜினீயர். வருமானத்துக்கு மேல் சொத்து சேர்த்தார் என்று லஞ்ச ஒழிப்புக்காரர்கள் வந்து பீரோவைக் கலைத்துவிட்டுப் போனார்கள். அந்த விசாரணையே செல்லாது என்று அப்பா ஹைகோர்ட்டில் மனுப் போட்டார். அசோக் நகரில் அவர் வாங்கிய வீடு பூங்காவனத்தின் பெயரில் இருந்தது. அது தன்னுடையதுதான் என்று அவள் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். கைநாட்டு வைத்தால் வீடு வாங்கியவள் போல் இருக்காது என்றாராம் வக்கீல்.

"பேரை மட்டும் கத்துக் குடு, போதும்" என்றார் அப்பா.

என் பழைய சிலேட்டில் ஒரு வாரம் பழகினாள். 'பூ'வின் சுழி வரவே இல்லை. "இன்னா நைனா, இந்தப் பூ வாடிப் பூடுது" என்று சிரிப்பாள். ஒருவழியாக வந்த அன்று, தன் மகளின் பெயரையும் எழுதிக் காட்டச் சொன்னாள். அப்பா சொன்னது ஒரு பெயர்தானே என்று சிலேட்டை வாங்கி வைத்துவிட்டேன். எதை மறுத்தேன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பத்திரம் தமிழில்தான் இருந்தது. பேனாவைப் பிடித்தபடி என்னைக் கேட்டாள்: "மேல இன்னா எழுதிகீது நைனா?"

ரிக்‌ஷா இழுத்துச் செத்துப்போன அவள் புருஷன் அந்தப் பத்திரத்தில் கப்பலில் வேலை பார்த்துப் பணம் அனுப்பியிருந்தான். அப்பா என்னைப் பார்த்தார்.

"உன் பேரும் விலாசமும்தான்" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, சுழி பிசகாமல் போட்டாள்.

விசாரணை ரத்தானது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். அவளுக்கும் ஒரு டம்ளர்.

இரண்டு வருஷம் கழித்து, ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றி, குடியிருந்தவர்களுக்கு அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். சொந்த வீடு உள்ளவள் என்று பூங்காவனத்தின் பெயரை அடித்துவிட்டார்கள். அப்பாவிடம் வந்து நின்றாள். உண்மையைச் சொன்னால் பொய்ச் சாட்சி சொன்னதற்கு அவளும் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்று அப்பா பொறுமையாக விளக்கினார். மகளோடு பாலவாக்கத்து மணலில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டாள். அங்கிருந்தும் கொஞ்ச நாள் பஸ்ஸில் வந்து எங்கள் பாத்திரத்தைத் தேய்த்தாள். அப்பா ஓய்வு பெற்றதும் அதே கையெழுத்தைப் போட்டு, வீட்டை அம்மா பெயருக்கு மாற்றிக் கொடுத்தாள்.

அம்மாவுக்குப் பிறகு வீடு எனக்கு வந்தது. போன வருஷம் அதைப் பூங்காவனத்துக்கே எழுதிவைக்க முடிவு செய்து, பாலவாக்கத்தில் மகளோடு அவள் இருந்த வாடகை அறைக்குப் போனேன். எண்பதை நெருங்கியிருந்தாள். அன்று பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன்.

"மறுபடியும் என் பேர்ல வூடா?" என்று சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. "வேணாம். எம் பொண்ணு பேர்ல எழுது."

அப்படியே எழுதி எடுத்துப் போனேன். மேலிருந்து முழுவதையும் படிக்கச் சொன்னாள். படித்தேன். மகளின் பெயர் எது என்று கேட்டாள். அவள் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

நான் போட்டதும் மகளும் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு என்று பூங்காவனத்திடம் பேனாவை நீட்டினேன். தள்ளிவிட்டு மை டப்பா கேட்டாள். எழுதத் தெரியுமே என்றேன்.

"அது உங்கப்பாவுக்குப் போட்டது நைனா" என்று கட்டைவிரலை நீட்டினாள்.