மூன்று சுழி ஆணை

பெங்களூரின் அல்சூரில் உள்ள ஒரு பள்ளியில் சாமிநாதன் தற்காலிகத் தமிழாசிரியராகப் பணியாற்றிவந்தார். தற்காலிகம் என்னும் சொல்லுக்கு அகராதி கூறும் பொருளைப் பள்ளி நிர்வாகம் அறிந்திருக்கவில்லை. அவர் சேர்ந்தபோது நட்ட வேப்பங்கன்று இப்போது மாடிக்கு மேல் வளர்ந்து நிழல் தந்துகொண்டிருந்தது. பணி நிரந்தர ஆணை இந்த ஆண்டும் வராவிட்டால், கும்பகோணத்துக்குத் திரும்பி மாமனாரின் உரக்கடையில் உட்கார்ந்துவிடுவதாக மனைவி ஜெயலட்சுமிக்கு அவர் வாக்களித்திருந்தார். அந்தக் கடையின் பெயர்ப்பலகையிலேயே மூன்று எழுத்துப் பிழைகள் இருந்தன. அதை நினைத்தாலே அவருக்கு உறக்கம் வருவதில்லை.

1997ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆணை மறுநாள் கையெழுத்தாகக்கூடும் என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள். அந்த மறுநாளில்தான், கனகபுராவுக்கு அப்பால் காவிரிக் கரையில் கூடாரம் அடித்து மீன் பிடிக்கலாம் என்று பள்ளி வேன் ஓட்டுநர் கிளாரன்ஸ் அவரை அழைத்திருந்தார். சாமிநாதன் தயங்கினார்.

"இங்கியே குந்திக்கினு கேட்டைப் பாத்துக்கினு இருந்தா ஆர்டர் ஓடியாந்துடுமா சார்? அங்க ஃபாரஸ்ட் செக்போஸ்ட்ல போன் கீது. நம்ம சீனு கூப்ட்டு சொல்லிடுவான்."

பள்ளி உதவியாளர் சீனு தலையாட்டினார். "ஆர்டர் வந்ததும் போன் அடிக்கிறேன் சார்."

"ஆர்டர் என்னாதீர்கள், சீனு. ஆணை வந்துவிட்டது என்று சொல்லுங்கள்."

"ஆனை வந்துடுச்சு."

"மூன்று சுழி ணகரம். நாவை மேலே மடியுங்கள். ஆணை."

"ஆனை" என்றார் சீனு, நாவை மடித்தபடியே.

சனிக்கிழமை காலையில் இருவரும் காவிரிக் கரையை அடைந்தார்கள். கூடாரம் என்று கிளாரன்ஸ் கொண்டுவந்தது கல்யாண ஷாமியானாத் துணி. சிவப்பும் மஞ்சளும் கலந்து, ஓரமெல்லாம் குஞ்சம் தொங்கியது. ஒரு புளியமரத்தடியில் அதைக் கட்டிவிட்டுக் காட்டுக்குள் நடக்கப் புறப்பட்டார்கள். நெடுநேரம் நடந்தபின் தொலைவில் ஒரு திருமண வீடு தெரிவதாகச் சாமிநாதன் மகிழ்ந்தார். அருகில் சென்றபோது அது அவர்களுடைய கூடாரமாகவே இருந்தது.

பிறகு கிளாரன்ஸ் தூண்டில் போட்டார். முதலில் சிக்கியது சாமிநாதனின் வேட்டி. இரண்டாவதாகச் சிக்கியதும் அதுவே. சாமிநாதனோ ஆற்றைப் பார்க்காமல் சோதனைச் சாவடி இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் அத்திசையிலிருந்து வனக்காவலர் மாதேகவுடா ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆனெ! ஆனெ பந்திதெ! ஓடி, ஓடி!"

கிளாரன்ஸ் தூண்டிலை எறிந்துவிட்டுப் புளியமரத்தில் ஏறினார். சாமிநாதன் கண்களில் நீர் மல்க, இரு கைகளையும் விரித்துக்கொண்டு காவலரை நோக்கி ஓடினார்.

"வந்துவிட்டதா? யார் ஐயா கொண்டுவந்தார்கள்?"

காவலருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "யாரும் கொண்டு வரல்ல சாமி, அதுவே நடந்து வரும்! மரம் ஏறி!"

"நிரந்தரந்தானே? முத்திரை இருக்கிறதா?"

"முத்திரையா? தந்தம் இருக்கும் சாமி!"

மரத்தின் மேலிருந்து கிளாரன்ஸ் கத்தினார்: "யோவ் வாத்தியாரே! அது உன் ஆர்டர் இல்ல! கன்னடத்துல ஆனென்னா யானைய்யா! மேல ஏறு!"

சாமிநாதனின் விரிந்த கைகள் தாழ்ந்தன. காவலர் அவரைக் கீழிருந்து தள்ள, கிளாரன்ஸ் மேலிருந்து இழுக்க, ஒரு கிளையில் வந்து அமர்ந்தார். காவலரும் ஏறிக்கொண்டார். மூவரும் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பசு மட்டும் வந்து, கூடாரத்துக்குள் நுழைந்து, தயிர்சாதத்தை உண்டுவிட்டுச் சென்றது.

"போகட்டும்" என்றார் சாமிநாதன் மெல்ல. "உரக்கடைப் பலகையையாவது திருத்தி எழுதுவேன்."

அவரைப் பார்க்கப் பொறுக்காமல் கிளாரன்ஸ் பேச்சை மாற்றினார். "கவுடரே, யானை எந்தப் பக்கம் நிக்குது?"

"நான் பாக்கல்லப்பா."

"பின்ன யாரு பாத்தது?"

"போன் வந்தது. ஒருத்தர் கத்திக் கத்திச் சொன்னார். ஆனெ வந்துடுச்சு, சாமிநாதன் சாருகிட்ட உடனே சொல்லுங்கன்னு."

"எங்கேருந்து போன்?"

"பெங்களூர்."

கிளாரன்ஸ் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டார். "இங்க யானை வந்தது பெங்களூர்ல கீறவனுக்கு எப்டிய்யா தெரியும்?"

"நானும் அதுதான் யோசனை பண்ணேன். ரொம்பப் பெரிய யானை போலன்னு நெனச்சேன்."

சாமிநாதன் மெல்லத் திரும்பினார். "அவர் சொன்ன சொல்லை அப்படியே இன்னொரு முறை சொல்லுங்கள், ஐயா."

"ஆனெ வந்துடுச்சு."

கிளாரன்ஸ் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தார். திருத்தம் வரும் என்று எதிர்பார்த்தார்.

"இரண்டு சுழியாகவே இருக்கட்டும்" என்றார் சாமிநாதன், புளியமரத்தைக் கட்டிக்கொண்டு.