ராசாவுக்கு எந்தக் குதிரை

ஒபர்வில்லியே என்ற பிரெஞ்சு ஊரில் ஒரு கிட்டங்கியின் முற்றத்தில்தான் எங்கள் ஆட்களின் நாடகம் நடந்தது. எண்பதுகளில் ஒரு கோடை. பழைய காலத்து ராசா வேஷம் என் மனுசனுக்கு. லா சப்பலில் ஒரு ரெஸ்தோரன் குசினியில் அவர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஒரு நாள் போகாவிட்டால் அடுத்த நாள் அந்தத் தொட்டிக்கு முன்னால் வேறொருவன் நிற்பான். வீட்டில் உழைப்பும் அவர் ஒருவருடையதுதான். அதனால் ராசாவின் முடியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ராசாவின் கால் முறியக் கூடாது.

ஒத்திகைக்கு வந்துபோகும் பாண்டிச்சேரி ஐயா ஒருவர், பென்சன்காரர், நிறையப் படித்தவர். முந்தின காலத்தில் குதிரையில் கால் வைக்கும் வளையமே கிடையாது, முதுகில் துணியைப் போட்டுத்தான் ஏறினார்கள் என்றார். அப்போதைய குதிரைகள் இப்போதையதைவிடச் சின்னவை என்றும் சொன்னார். என் மனுசன் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். வளையமும் வேண்டாம், சேணமும் வேண்டாம். குதிரை மட்டும் பெரிதாக, வெள்ளையாக வேண்டும். ஊரில் கோயில் குதிரை வாகனத்தைத் தோளில் சுமந்தவர். குதிரை என்றால் அந்த உயரம்தான் என்று நினைப்பு. உயிருள்ள குதிரையில் ஏறியதே இல்லை.

பார்க்கில் பிள்ளைகளை ஏற்றித் திரியும் பிரெஞ்சுக்காரன் ஒருவன் அப்படியொரு வெள்ளைக் குதிரையைக் கொண்டுவந்தான். வண்டி இழுக்கிற சாதி. முதுகு என் தலைக்கு மேலே. தனியாக நிற்காதாம் என்று துணைக்கு ஒரு மட்டக்குதிரையும் வந்திருந்தது.

மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். வெள்ளைக் குதிரை காதை மடித்துப் பின்னங்காலால் உதைத்தது. மனுசனின் முகப் பவுடருக்கு மேலால் வியர்வை ஓடியது. ஆனாலும் ஏணி கேட்டார். ஏறாதீங்கோ என்று நான் கெஞ்சினால் கட்டாயம் ஏறுவார், எனக்குத் தெரியும். கிட்டப் போனேன்.

"இஞ்சேருங்கோ, குதிரை நல்ல வடிவு. ஆனா நீங்கள் ஏறினா ராசா எங்கையெண்டு சனம் தேடும். கிளி குந்தின மாதிரி இருக்கும்."

மந்திரி வேஷக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். என் மனுசன் முறைத்து, மட்டக்குதிரையைக் காட்டினார்.

"அப்ப இந்தக் கழுதையிலையோ ஏறச் சொல்லுறாய்?"

"ஐயாவைக் கேளுங்கோ. குதிரை சின்னனெண்டாத்தான் ராசா பெரிசு."

பழைய சிலைகளில் அப்படித்தான் இருக்கும், ராசாவின் கால் கீழே தொங்கும் என்று ஐயாவும் தலையாட்டினார். ஏணி திரும்பிப் போனது.

நாடகம் தொடங்கியதும் அவர் மட்டக்குதிரையில் வாளை உயர்த்தியபடி வந்தார். கால் நிலத்தில் தேயாத குறை. ஆனால் சனம் சிரிக்கவில்லை. உண்மையாகவே பெரிதாகத்தான் தெரிந்தார். நான் மூச்சுவிடப் போக, மேளம் இடித்தது. குதிரை முன்னுக்குப் பாய்ந்தது. அவர் இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றினார். குதிரை அவருக்குக் கீழால் போய்விட்டது. ராசா நின்ற இடத்தில் வாளோடு நின்றார்.

சனம் அதையும் நாடகம் என்று கைதட்டியது. அதே நேரம் முற்றத்து மூலையில் வெள்ளைக் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு, உட்கார அடுக்கி வைத்திருந்த கதிரைகளை மிதித்துச் சப்பளித்துவிட்டுத் தெருவுக்கு ஓடியது. அந்தக் கதிரைகளை நான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அவர் இரண்டு காலிலும் நின்று கோப்பை கழுவினார். அந்தக் காலத்து ராசாமார் அப்படித்தான் குதிரையால் இறங்குவார்கள் என்று குசினியில் விளக்கம் வேறு சொன்னாராம்.