கதவிலிருந்து நாற்காலி வரை

யார் கதவைத் திறந்தாலும் டிக்கெட் அக்கா முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார். அவருடைய விமான டிக்கெட் கடை, ரயில் பெட்டி போல நீண்டு ஒடுங்கிய ஒரே அறை. காற்றும் வெளிச்சமும் வாசல் பக்கம் இருக்க, மேசையைக் கடைக்கோடிச் சுவரோரம் போட்டிருக்கிறார். வந்தவர் அத்தனை தூரம் நடந்து நாற்காலியில் உட்காருவதற்குள், வழியில் விமானம் மாற அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

“மேல பறக்குற நேரத்தை விமானம் பாத்துக்கும். கீழ நடக்குற நேரம்தான் என் பொறுப்பு” என்பார்.

கைக்குழந்தைக்காரிக்குத் தாராளமாக நேரம் விடுவார். சண்டை போட்டுக்கொண்டே நுழைகிற தம்பதிக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. நடுவழியில் நின்று பேசி முடிக்க வேண்டுமே. நரைத்த தலைகளும் தன்னை அக்கா என்று கூப்பிடுவதில் மட்டும் அவருக்குச் சின்ன வருத்தம்.

போன வாரம் ஒரு காலையில் குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் வந்தார். பின்னாலேயே, செல்போனும் கையுமாக அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. கடல் கடந்த ஊரில் இருக்கும் குழாய்க்காரரின் தங்கைக்கு இன்னும் இரண்டு நாளில் இதயத்தில் ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகுமுன் அண்ணனைப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் அழுதிருக்கிறாள். மச்சான் இரவு விமானம் ஒன்றைத் தேடி வைத்திருந்தார். பயண நேரம் அதில்தான் குறைவு; நடுவில் இறங்கி மாறுவதற்கு முக்கால் மணி நேரம்.

குழாய்க்காரர் நடந்து வந்ததை அக்கா பார்த்திருந்தார். தொட்டிகளுக்கடியில் மண்டியிட்டே தேய்ந்த முட்டிகள். கை, அடிக்கொரு தரம் சுவரைத் தேடியது.

“இது ஓட்டப்பந்தயக்காரங்க போற விமானம், அண்ணே. மத்தியானமே கிளம்புறது ஒண்ணு இருக்கு. சுத்திக்கிட்டுப் போகும், நடுவுல உக்காந்து உக்காந்து அலுத்துப்போகும். ஆனா கொண்டுபோய்ச் சேத்துடும்.”

காசு கொடுத்து ஊரைச் சுற்றவா என்று மச்சான் முணுமுணுத்தார். குழாய்க்காரரின் கவலை வேறு.

“வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டக்கூட நேரமில்லையேக்கா.”

“தங்கச்சி உங்களைத்தானே கேட்டுச்சு? பெட்டியையா கேட்டுச்சு?”

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கையோடு இருந்தது. அக்கா தன் நாற்காலி முதுகில் கிடந்த சாம்பல் நிற ஸ்வெட்டரை உருவிக் கொடுத்தார். கழுத்தோரம் பூ வேலை செய்தது. குழாய்க்காரர் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார். மச்சான் சிரிப்பை அடக்க வாசலுக்குப் போனார்.

அடுத்த இரண்டு நாளும் போன் அடிக்கும்போதெல்லாம் அக்கா பாதிப் பேச்சில் நின்றார். மச்சான் தேடி வைத்த விமானத்தை வேண்டாமென்று தடுத்தவர் அவர்தான். இந்த விமானம் தாமதித்துவிட்டால், அந்த அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது?

கடைசியில் அந்தக் குரல் வந்தது.

“இப்பதான் உள்ள கொண்டுபோறாங்கக்கா. அதுவரைக்கும் என் கையை விடல. ஸ்வெட்டரு யாருதுன்னு கேட்டு ஒரே சிரிப்பு.”

அக்கா போனை வைத்தார். கதவு திறந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, வருகிறவரின் காலைப் பார்த்தார்.