விக்டோரியா சொன்ன சைபர்

விக்டோரியாவைப் பயந்தவள் என்று எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை. மீன் ஏலத்தில் அவள் வாய் திறந்தால் ஆண்களே ஒதுங்கிக்கொள்வார்கள். அவளை ஆட்டிவைத்தது ஒரு சின்ன வெள்ளை மாத்திரை.

அவள் வீட்டுக்காரர் செபாஸ்டின் துறைமுகத்தில் வின்ச் டிரைவர். கப்பல் சரக்கை ஆட்களின் தலைக்கு மேலே தூக்கி இறக்குகிற வேலை. அவருக்கு வலிப்பு உண்டு. தினமும் மாத்திரை போட்டால் வராது. ஒருநாளும் நிறுத்தக் கூடாது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் மாதாமாதம் தங்கச்சியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி, பாளையங்கோட்டைக்குப் போய் வாங்கிவருவாள். ஆறு வருஷமாக அடுத்த வீட்டுக்காரி எனக்கே தெரியாது.

எழுபத்துநாலில் எபனேசர் என்றொரு கணக்கெடுப்புக்காரர் வந்தார். நாட்டில் யார் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று அரசாங்கம் எழுதியது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் டாண் டாண் என்று பதில் சொன்னவள், மருந்துச் செலவு என்றதும் வெளிறிப்போனாள்.

"எங்க வீட்டுல யாருக்கும் சீக்கு கெடையாது சார். சைபர்னு போடுங்க."

எழுதிக்கொண்டவர், சரிபார்க்க மேலதிகாரி வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வீட்டைச் சோதனை போடப்போகிறார்கள் என்று நினைத்த இந்தப் புத்திசாலி, மாத்திரை அத்தனையையும் கடலில் போட்டாள்.

மறுநாள் புதிதாக வாங்கப் போனால், பாளையங்கோட்டைக் கடையில் அந்த மாத்திரை இல்லை. ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வீட்டுக்காரர் பயந்துவிடுவாரே என்று அவரிடம் சொல்லவில்லை. பார்க்க அதே மாதிரி இருந்த சத்து மாத்திரையை வாங்கிவந்து கொடுத்தாள். மூன்று நாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் காலையில் அவர் கை தானாக வெட்டி, காபித் தம்ளர் கீழே விழுந்தது. தூக்கம் போதவில்லை என்று சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அவர் சைக்கிள் தெருமுனை திரும்பிய பிறகுதான் என் வீட்டுக்கு ஓடிவந்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் பஸ்ஸில் போகும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

துறைமுகக் கேட்டிலிருந்தே தெரிந்தது: கப்பலில் செபாஸ்டின், ஆகாயத்தில் மூட்டைக்கட்டு, கீழே எட்டுப் பேர். மேஸ்திரி ஹென்றியைப் பார்த்து விக்டோரியா ஏலக்குரலில் கத்தினாள்.

"அண்ணாச்சி, அவுகள எறக்குங்க. அவுகளுக்கு வலிப்பு உண்டு."

துறைமுகமே கேட்டது. செபாஸ்டின் மூட்டைகளை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு இறங்கிவந்தார். நாளைக்கு வர வேண்டாம் என்று ஹென்றி சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் அவள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே கேட்டுவந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா லீவு போட்டுருப்பேனே, ஏளா" என்றார்.

மேலதிகாரி யாரும் வரவே இல்லை.