பச்சைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே

மதிப்பீட்டுக்கு வந்திருந்த மேடம் கிளம்பிப் போனது ஒரு வியாழக்கிழமை, மழை விட்ட மதியம். வேனில் ஏறி உட்கார்ந்தவர் கண்ணாடியை இறக்கினார். "இந்த மாவால பிரயோஜனம் இல்லைன்னுதான் எழுதணும் போல இருக்குக்கா. ஆனா ஒண்ணு புரியல. மளமளன்னு ஏறி வர்ற பிள்ளைங்க எல்லாம் ஏன் பச்சைக் கோட்டு வாசல்லயே நின்னுடுறாங்க?"

பதில் யோசிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

கேள்வியைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றவள் அந்தச் சத்துமாவு மையத்தில் குழந்தைகளை எடை போடுகிறவள். தெருவில் அவள் பெயர் கிலோ அக்கா. மையம் ஒரு தர்ம நிறுவனத்தின் செலவில் நடந்தது; மேடம் அவர்கள் அனுப்பியவர். மெலிந்த பிள்ளைக்கு வாராவாரம் ஒரு பொட்டலம் மாவு, மாதம் ஒரு முறை எடை. அட்டையில் புள்ளி பச்சைக் கோட்டைத் தொட்டால் பிள்ளை தேறிவிட்டது என்று அர்த்தம், பொட்டலம் நின்றுவிடும். யாருமே தேறாவிட்டால் மையமே நின்றுவிடும்.

கிலோ அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. கேள்வி ஒன்று உள்ளே போய்விட்டால் சோறு இறங்காது. முதலில் தராசைச் சந்தேகப்பட்டாள். கடையிலிருந்து சர்க்கரைப் பொட்டலங்களை வாங்கிவந்து தொங்கவிட்டுப் பார்த்தாள். தராசு யோக்கியமாகத்தான் இருந்தது. அடுத்தது மாமியார்கள். மாவை அவர்கள் கரைத்துக் குடிக்கிறார்களோ என்று சமையல் வேளையில் வீடுவீடாக எட்டிப் பார்த்தாள். ஒரு மாமியார் கரண்டியோடு வெளியே வந்து, என் வயிற்றையும் எடை போட வேண்டுமா என்று கேட்டதுதான் மிச்சம். தையல்காரரான அவள் புருஷன் ஊசியில் நூல் கோத்தபடியே, "நீ ஊரை அளக்கப் போனா ஊர் உன்னை அளக்கும்" என்றார்.

எடை நாள் அல்லாத ஒரு சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல், தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். சும்மா ஒரு தடவை பார்ப்போம் என்று சொல்லித் தகரக் கூரையின் கம்பியில் தொங்கவிட்டாள். முதல் பையனே பச்சைக்கு மேலே போனான். அடுத்த பெண்ணும் அப்படியே. மூன்றாவது பிள்ளையின் அம்மா மட்டும் அவனை இடுப்பை விட்டு இறக்கவில்லை.

"இன்னிக்கு வேண்டாம்க்கா. சாப்பிட்டுட்டான்."

"சாப்பிட்டா என்ன?"

அவள் நிறைகிற குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எடை நாள் வருதுன்னா முன்னாடியே கஞ்சியைத் தண்ணியாக்கிடுவோம். அன்னிக்குக் காலையில ஒண்ணும் தரமாட்டோம். இவன் பச்சைக்குப் போயிட்டா பொட்டலம் நின்னுடும். அப்புறம் சின்னதுக்கு எதைக் கரைக்கிறது?"

குழாயடியில் ஒருத்தரும் மறுக்கவில்லை. ஊருக்கே தெரிந்தது எடை போட்டவளுக்குத்தான் தெரியவில்லை.

சொன்னால் பொட்டலம் போகும், சொல்லாவிட்டால் மையம் போகும். கிலோ அக்கா இரண்டையும் மறைக்காமல் அவர்களிடமே சொன்னாள். குடங்கள் வழிந்தோட வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அந்த அம்மாவே பிள்ளையைத் தராசுத் தொட்டிலில் வைத்தாள். "எடுத்துக்கோங்க. ஆனா பொட்டலத்தை நிறுத்தக் கூடாதுன்னும் சேர்த்து எழுதுங்க."

சாயங்கால எடைகளையும் தண்ணீர்க் கஞ்சியின் கதையையும் கிலோ அக்கா மேடத்துக்கு அனுப்பினாள். தேறிய பிறகும் கொஞ்ச காலம் மாவு தரக் கூடாதா என்றும் கேட்டாள். பதில் இல்லை. விதிப்படி அந்த மூன்று வீடுகளுக்கும் பொட்டலம் நின்றது. மூன்றாவது பிள்ளையின் அம்மா தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிலோ அக்காவுக்கு வீதியே முள்ளாகிவிட்டது.

வெயில் காலம் வந்து போய், அடுத்த மழையும் தொடங்கிய பிறகுதான் அவள் போனில் மேடத்தின் பதில் வந்தது:

"அக்கா, தாமதத்துக்கு மன்னிச்சுக்கோங்க. பச்சையைத் தொட்ட பிள்ளைங்களுக்கும் ஆறு மாசம் மாவு உண்டுன்னு நிறுவனத்துல ஒத்துக்கிட்டாங்க. நிறுத்தின மூணு வீட்டுக்கும் இந்த வாரமே கொடுத்துடுங்க. மையமும் நடக்கும். ஆனா எனக்கு இப்போ வேற ஒண்ணு குடையுது. இதுக்கு முன்னாடி நான் மூடச் சொன்ன மையங்கள்லயும் பிள்ளைங்க பட்டினியாத்தான் தொங்குனாங்களோ? தராசை எடுத்துக்கிட்டு வர்றீங்களா, போய்ப் பாப்போம்."