பசை படாத கைகள்

பாணேரில் எங்கள் வீட்டுக்குப் பள்ளி வேன் வர இருபது நிமிடம்தான் இருந்தது. நர்சரி படிக்கும் மகளுக்காக, அட்டையில் வரைந்த ஆங்கில ‘ஆர்’ எழுத்தின்மேல் ராஜ்மாவை அவசரமாக ஒட்டிக்கொண்டிருந்தேன். சூடான மைதாப் பசையின் வாசனை என்னை, நான் சிறுவனாய் வளர்ந்த தாபோடிக்கு இழுத்தது.

அங்கே, தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா, என் எழுத்தட்டையை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து, துவரம்பருப்பை வரிசை பிசகாமல் ஒட்டினார். நான் கை நீட்டியபோதெல்லாம், “சும்மா இருடா, கோணலாயிடும்” என்று தட்டிவிட்டார். மறுநாள் டீச்சர் அதைத் தூக்கிக் காட்டி, யார் செய்ததென்று கேட்டார். நான்தான் என்றேன். வகுப்பே கைதட்டியது, என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“அப்பா, நானும் ஒட்டட்டா?” என்றாள் மகள்.

“இரும்மா, கோணலாயிடும்” என்றேன்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “டீச்சர் கேட்டா, நான் பண்ணேன்னுதானே சொல்லணும்?”